‘ஒழுக்கம்’ என்று எழுதினால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டுப் புகழ்ப் பட்டியலில் பெயர் சேர்க்கும்போது ஆட்டத்தை மட்டும் பார்ப்பதா, ஆளையும் பார்ப்பதா என்ற விவாதம் அமெரிக்காவில் பழையது. நம் கொங்குப் பக்கத்தில் சாதனையாளர் பலகை வைக்க நினைக்கும் கழகங்களும் பள்ளிகளும் அதிலிருந்து கற்க நிறைய உண்டு.

அங்கே பேஸ்பால் புகழ்மன்ற விதி, சாதனையோடு நேர்மை, குணநலன் ஆகியவற்றையும் எடைபோடச் சொல்கிறது. எது குணக்கேடு என்று மட்டும் சொல்லவில்லை. 762 ஹோம் ரன் (பந்தை மைதானத்துக்கு வெளியே அடிக்கும் அடி) அடித்த பாரி பாண்ட்ஸ், 2022இல் விளையாட்டு எழுத்தாளர்களின் பத்தாவது, கடைசி வாக்கெடுப்பில் 66 சதவீதம் பெற்று வெளியே நின்றார், தேவை 75. முக்கியக் காரணம் ஊக்கமருந்துச் சந்தேகம். இத்தனைக்கும் அதற்காக லீக் அவரைத் தடை செய்ததே இல்லை. பாண்ட்ஸ் ஆடிய காலத்தில் லீக்கின் தலைமை நிர்வாகியான ஆணையராக இருந்த பட் செலிக்கோ 2017லேயே மன்றத்தில் சேர்க்கப்பட்டுவிட்டார். ஆடியவருக்கு ஒரு தராசு, ஆட்டுவித்தவருக்கு வேறு தராசு!

அமெரிக்கக் கால்பந்து மன்றம் நேரெதிர். களத்துக்கு வெளியே நடந்தது கணக்கில் வராது. 1985இல் சேர்ந்த ஓ.ஜே. சிம்ப்சன் 2008இல் கொள்ளை வழக்கில் தண்டனை பெற்றும் அவர் பெயர் நீங்கவில்லை.

என் கட்சி இரண்டுக்கும் நடுவில். ஆட்டத்தையே கெடுத்த குற்றமும், தன்னை நம்பி வந்த பிள்ளைகளிடம் பயிற்சியாளர் செய்த குற்றமும் எண்ணப்பட வேண்டும். மற்றது வேண்டாம். காரணம், ‘ஒழுக்கம்’ என்று பொதுவாக எழுதினால் நம் ஊரில் அது முதலில் பாய்வது வீராங்கனைகள் மேல்தான்: யாரைக் கட்டினாள், ஏன் பிரிந்தாள் என்று. 2006 தோஹா ஆசியப் போட்டியில் சாந்தி சௌந்தரராஜனின் 800 மீட்டர் வெள்ளி பறிக்கப்பட்டது பாலினச் சோதனையால். அதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

நம் மட்டத்தில் அதிகம் சந்திக்க வேண்டியது வயது மோசடி. சான்றிதழில் பிறந்த தேதியைப் பார்ப்பவர்கள், பக்கத்திலேயே இருக்கும் பதிவுத் தேதியைப் பார்ப்பதில்லை. பிறந்து பல ஆண்டு கழித்துப் பதிவாகியிருந்தால், முதன்முதலில் சேர்ந்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். தாமதப் பதிவு மட்டுமே குற்றமாகாது. வயதறிய எடுக்கும் எலும்பு எக்ஸ்ரே சொல்வதும் மதிப்பீடுதான். ஓரிரு வயது முன்பின் ஆகும். பதினான்கு வயதுப் பையனுக்குப் பொய்த்தாள் வாங்கிக் கொடுத்தது பெரியவர் என்றால், பழியும் பெரியவரைத்தான் சேர வேண்டும்.

அடுத்தது ஊக்கமருந்து. ஸ்டீராய்டு மட்டுமல்ல; எடை பார்த்து இறக்கும் கபடியில் எடை குறைக்கத் தின்னும், நீர் பிரிக்கும் மாத்திரையும் தடைப் பட்டியலில் இருக்கிறது. இதில் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடாவின் (NADA) தண்டனை ஆணைதான் ஆதாரம், டீக்கடைப் பேச்சு அல்ல. ஓய்வுக்குப் பின் ஐந்தாண்டு காத்திருப்பு என்பது பேஸ்பால் மன்றத்திலும் ஐசிசியின் கிரிக்கெட் புகழ்மன்றத்திலும் உள்ள வழக்கம். ஆனால் வீரரிடம் எடுத்துச் சேமித்த சிறுநீர், ரத்த மாதிரியைப் பத்தாண்டு வரை மறுசோதனை செய்யலாம். ஆகவே நாமும் பத்தாண்டு பொறுப்பதே சரி.

வழக்கு நிலுவையில் இருந்தால் பெயரை நிறுத்தி வையுங்கள், நிராகரிக்க வேண்டாம். முன்னாள் இந்தியக் கேப்டன் அசாருதீனுக்கு மேட்ச் பிக்ஸிங் புகாரில் 2000இல் கிரிக்கெட் வாரியம் விதித்த ஆயுள்தடை செல்லாது என்று 2012இல் ஆந்திர உயர்நீதிமன்றம் சொன்னது. 2001இல் கூடிய குழுவும் 2013இல் கூடிய குழுவும் ஒரே முடிவு எடுத்திருக்குமா? அதனால் சேர்த்தாலும் தள்ளினாலும் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். மறுபரிசீலனைக்கு வழி வேண்டும். வாக்கு ரகசியமாக, முக்கால் பங்கு. பேர் வரும்போது பங்காளி, மாமன் மச்சான், ஸ்பான்சர் மூவரும் அறையை விட்டு எழுந்து போகட்டும் (ஊர்த் திருவிழாவான நோம்பியில் நடக்கும் கபடிக்குப் பரிசுத்தொகை கொடுத்தவர் வருத்தப்படுவார்தான், என்ன செய்ய?).

இன்னொன்று. பெயரைக் கருங்கல்லில் வெட்ட வேண்டாம். ஒரு பெயருக்கு ஒரு பித்தளைத் தகடு, நான்கு மூலையில் திருகாணி. கழற்றவும் மாட்டவும் ஸ்க்ரூ டிரைவர் போதும்.

இப்படிக்கு,
கபடி நடுவர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.