கன்ட்ரோல் குழி வளர்ந்தால் எங்கே தேடுவது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் ஹார்மோன் குலைக்கும் ரசாயனங்கள் பக்கம் வந்து சேர்ந்ததில் எனக்கு அளவில்லாத சந்தோஷம். ஆற்று நீர் மாதிரிகளை, ஈஸ்ட்ரோஜன் கிடைத்தால் பெருகும் எம்சிஎஃப்-7 என்ற மனித மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் சோதிப்பதாகவும், சோதனைத் தட்டில் எதுவுமே சேர்க்காத கன்ட்ரோல் குழிகளும் ஈஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் சேர்த்த குழிகளும் ஏறக்குறைய ஒரே அளவு வளர்வதாகவும் எழுதியிருந்தாய். செல் கெட்டுவிட்டதா, புதிதாக வாங்கலாமா என்று கேட்கிறாய். அவசரப்படாதே. அந்தச் செல்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்கின்றன. உன் தட்டுக்குள் எங்கிருந்தோ ஈஸ்ட்ரோஜன் வந்துகொண்டிருக்கிறது. ஆற்று நீரை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைக் கண்டுபிடி.

இந்தச் செல்கள் எவ்வளவு கொஞ்சத்துக்கு மசியும் என்பதை மனதில் வைத்துக்கொள். 10 பிக்கோமோலார் ஈஸ்ட்ராடையால் இருந்தாலே எம்சிஎஃப்-7 நன்றாகப் பெருகும். அதாவது செல்கள் வளரும் ஊட்டத் திரவமான மீடியத்தில் மில்லிலிட்டருக்கு வெறும் 2.7 பிக்கோகிராம். அந்த அளவில் செல்லுக்குள் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளில், அதாவது ஹார்மோன் வந்து ஒட்டும் புரதங்களில், ஒரு சிறு பங்குதான் நிரம்பியிருக்கும். ஆனால் செல் பிரிவதற்கு எல்லா ஏற்பிகளும் நிரம்ப வேண்டியதில்லை. ஹார்மோன் போல நடிக்கும் ரசாயனங்கள் ஈஸ்ட்ராடையாலைவிட ஆயிரம், பத்தாயிரம் மடங்கு பலவீனமானவை. இருந்தும் உடலில் வேலை காட்டுவதற்கு இது ஒரு காரணம். உன் கன்ட்ரோல் கெட்டுப்போனதற்கும் இதுவே காரணம்.

முதலில் மீடியத்தின் நிறத்தைப் பார். சிவப்பாக இருந்தால் அதில் ஃபீனால் ரெட் இருக்கிறது. அமில காரத்தைக் காட்டுவதற்காகச் சேர்க்கும் அந்தச் சாயமும் அதனுடன் ஒட்டிவரும் கலப்படமும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தூண்டும் என்று 1986-லேயே காட்டிவிட்டார்கள். ஃபீனால் ரெட் இல்லாத மீடியத்துக்கு மாறு. பலரும் இதோடு நிறுத்திக்கொண்டு செல்களைத் தட்டிலிருந்து பெயர்த்தெடுக்கும் டிரிப்சின் கரைசலை மறந்துவிடுகிறார்கள். அதிலும் அதே சாயம் இருக்கும், அதையும் மாற்று. மீடியத்தில் இன்சுலின் சேர்க்கிறாய் என்றால் சோதனை நாட்களில் அதை விட்டுவிடு. வளர்ச்சிக் காரணிகள் ஹார்மோன் இல்லாமலே அந்த ஏற்பியை உசுப்பிவிடும்.

அடுத்தது செல் வளர மீடியத்தில் சேர்க்கும் ரத்தநீரான சீரம். கன்றுச் சீரத்தில் இயல்பாகவே ஈஸ்ட்ராடையால் இருக்கும். கரி போட்டு அதை உறிஞ்சி எடுத்தால்தான் சோதனைக்கு ஆகும். 5 சதவீதம் கரியும் 0.5 சதவீதம் டெக்ஸ்ட்ரானும் கலந்த கலவையைச் சீரத்தின் அளவுக்குச் சமமாக எடுத்து, சுழற்றி, மேல்நீரைக் கொட்டிவிடு. அடியில் தங்கும் கரியோடு சீரத்தைக் கலந்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் ஆட்டு. பிறகு சுழற்றிக் கரியைப் பிரித்து 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடி. கரி ஈஸ்ட்ராடையாலை மட்டும் எடுப்பதில்லை. தைராய்டு ஹார்மோன்களையும் கொழுப்பில் கரையும் பலவற்றையும் சேர்த்தே எடுத்துவிடும். அதனால் செல் கொஞ்சம் மந்தமாக வளர்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அந்த மந்தம்தான் உனக்குத் தேவையான அடித்தளம். செல்களைச் சாதாரண மீடியத்தில் விதைத்து, ஒட்டிக்கொண்டதும் உப்புக் கரைசலில் நன்றாகக் கழுவி, இந்த மீடியத்துக்கு மாற்று. சீரத்தின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறும்போதெல்லாம், எந்த அளவுக்கு எவ்வளவு வளர்ச்சி என்று காட்டும் ஈஸ்ட்ராடையால் வரைகோட்டை மறுபடி போட்டுப் பார்த்தே ஆகவேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் கன்ட்ரோல் வளர்ந்தால், பிளாஸ்டிக்கைச் சந்தேகப்படு.

இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகளில் சில இப்படிக் கெட்டுப்போன கன்ட்ரோலிலிருந்து வந்தவை. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் உன்னைப் போலவே எம்சிஎஃப்-7 வைத்திருந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லாத குழிகளிலும் செல்கள் பெருகின. ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்ததில் சென்ட்ரிஃபியூஜ் குழாய் மாட்டியது. அதன் பிளாஸ்டிக்கிலிருந்து, ஈஸ்ட்ரோஜன் போல நடிக்கும் நோனைல்ஃபீனால் கசிந்துகொண்டிருந்தது. 1991-ல் அதை வெளியிட்டார்கள். 1993-ல் ஸ்டான்ஃபோர்டில் டேவிட் ஃபெல்ட்மேன் குழு, ஈஸ்ட் நுண்ணுயிர் ஈஸ்ட்ரோஜனை உண்டாக்குகிறது என்று எண்ணித் தேடியது. கடைசியில் கிடைத்தது பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான பிஸ்ஃபீனால் ஏ (பிபிஏ). கிருமி நீக்க ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலனில் வைத்த பாலிகார்பனேட் பிளாஸ்க்கிலிருந்து அது மீடியத்தில் இறங்கியிருந்தது.

பாட்ரிசியா ஹன்ட் கண்டதை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். 1998-ல் கிளீவ்லாந்தில் அவருடைய கன்ட்ரோல் எலிகளின் கருமுட்டைகளில் குரோமோசோம்கள் வரிசை தப்பி நின்றன. வழக்கமாக 1, 2 சதவீத முட்டைகளில் இருக்கும் கோளாறு திடீரென 40 சதவீதத்தில் தெரிந்தது. பாலிகார்பனேட் கூண்டுகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் தவறுதலாகக் கடும் காரமுள்ள தரைகழுவும் சோப்பில் கழுவியிருந்தார்கள். காரம் பிளாஸ்டிக்கின் எஸ்டர் பிணைப்புகளை உடைத்தது, பிஸ்ஃபீனால் ஏ எலிகளின் வயிற்றுக்குள் போனது. வேண்டுமென்றே கூண்டுகளைச் சிதைத்தும், எலிகளுக்கு நேரடியாகக் கொடுத்தும் உறுதிசெய்த பிறகுதான் 2003-ல் வெளியிட்டார். 2018-ல் அதே குழு, மாற்றுப் பிளாஸ்டிக்கான பாலிசல்ஃபோன் கூண்டுகள் சேதமடைந்தபோது பிஸ்ஃபீனால் எஸ் கசிந்து அதே மாதிரி கோளாறு வருவதைக் காட்டியது. கன்ட்ரோலில் வந்த எண்ணை ‘ஏதோ பிழை’ என்று அவர்கள் தூக்கிப்போட்டிருந்தால் இவ்வளவும் தெரியாமலே போயிருக்கும்.

ஆகவே உன் பாத்திரங்களுக்கு வருவோம். மாதிரிகளைப் பழுப்புக் கண்ணாடிப் புட்டியில், டெஃப்லான் பூச்சுள்ள மூடியோடு எடு. கண்ணாடியைக் கழுவும் சோப்பில் அல்கைல்ஃபீனால் எத்தாக்ஸிலேட் இருக்கிறதா என்று பார்த்துவிடு. அது சிதைந்தால் வருவது நோனைல்ஃபீனால்தான், நீ தேடும் பொருளையே நீயாகப் பூசிவைத்த மாதிரி ஆகிவிடும். கடைசியில் மெத்தனாலால் அலசு. வெப்பத்தாளில் அச்சடித்த லேபிள்களையும் ரசீதுகளையும் தொட்ட கையுறையோடு மாதிரியைத் தொடாதே. அந்தத் தாளின் மேற்பூச்சில் பிஸ்ஃபீனால் எதனுடனும் பிணையாமல் தனியாகவே இருக்கும்.

எல்லாவற்றையும்விட அவசியமானது வெற்று மாதிரி. ஒரு லிட்டர் ஆற்று நீரை, ரசாயனங்களைப் பிடித்துவைக்கும் உறிஞ்சு குப்பியில் செலுத்தி ஒரு மில்லிலிட்டராகச் சுருக்குகிறாய் அல்லவா? அதே குப்பி, அதே மெத்தனால், அதே ஆவியாக்கும் குழாய் வழியாகத் தூய நீர் ஒரு லிட்டரையும் செலுத்து. ஆற்றிலிருப்பது ஆயிரம் மடங்கு செறிவாகும்போது உன் கரைப்பானிலும் குப்பியிலும் இருக்கும் அழுக்கும் சேர்ந்தே செறிவாகிறது. ஒவ்வொரு தொகுதியிலும் வெற்று மாதிரி ஒன்று இல்லையென்றால் அந்தத் தொகுதியின் எண்களை நான் ஏற்கமாட்டேன்.

பிளாஸ்டிக் எதிர்த்திசையிலும் ஏமாற்றும். நோனைல்ஃபீனால், டிடிடி பூச்சிக்கொல்லியின் சிதைபொருளான டிடிஇ போன்ற நீரை வெறுக்கும் மூலக்கூறுகள் குழியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், சீரப் புரதத்திலும் ஒட்டிக்கொள்ளும். நீ போட்டது 1 மைக்ரோமோலார் என்றால் செல்லுக்குக் கிடைப்பது அதில் ஒரு பகுதிதான். கரைசல்களைக் கண்ணாடியில் தயாரித்து உடனே தட்டில் சேர். இல்லாவிட்டால் வரைகோடு முழுவதும் வலப்பக்கம் நகர்ந்து, நல்ல வீரியமுள்ள பொருள் கூட சாதுவாகத் தெரியும்.

இனி அளவுகள். பிக்கோமோலாரிலிருந்து 10 மைக்ரோமோலார் வரை, ஒவ்வொரு பத்து மடங்குக்குள்ளும் இரண்டு புள்ளி வருகிற மாதிரி போடு. மேல் அளவை மட்டும் சோதித்து ‘விளைவு இல்லை’ என்று எழுதுவது இந்தத் துறையில் ரொம்ப நாளாக நடக்கும் தவறு. அளவு கூடும்போது விளைவு ஏறி, பிறகு இறங்கும் வரைகோடுகள் இங்கே சகஜம். அதிகத் தூண்டலில் செல் தன் ஏற்பிகளையே சிதைத்துக் குறைத்துக்கொள்வது அதற்கு ஒரு காரணம். ஆனால் இறக்கம் வெறும் நச்சினாலும் வரலாம். 100 மைக்ரோமோலார் பிஸ்ஃபீனாலில் செல்கள் செத்துக்கொண்டிருந்தால் அதற்கும் ஹார்மோனுக்கும் சம்பந்தமில்லை. அதனால் பக்கத்திலேயே ஒரு உயிர்ப்புச் சோதனைத் தட்டு ஓடட்டும். கரைப்பான் எல்லாக் குழிகளிலும் ஒரே அளவு, 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆறாம் நாள் எண்ணு. ஒவ்வொரு மாதிரிக்கும், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை முடக்கும் ஃபுல்வெஸ்ட்ரான்ட் மருந்து சேர்த்த ஒரு ஜோடியும் வை. ஃபுல்வெஸ்ட்ரான்ட் போட்டும் வளர்ச்சி அடங்கவில்லை என்றால் அது ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வழியாக வந்த வளர்ச்சி அல்ல.

ஆற்று நீரில் இன்னொரு சிக்கலும் உண்டு. புகையிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வரும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் டையாக்சின் வகைகளும் அரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பியைத் தூண்டும். அது சிஒய்பி1ஏ1 போன்ற நொதிகளைக் கிளப்பிவிட்டு ஈஸ்ட்ராடையாலையே சிதைக்கும், ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் வேலையையும் அடக்கும். அதனால் மாதிரியில் ஈஸ்ட்ரோஜன் இருந்தும் தட்டு அமைதியாக இருக்கலாம். மாதிரியோடு தெரிந்த அளவு ஈஸ்ட்ராடையால் சேர்த்து ஒரு குழி வை. அதன் வளர்ச்சியும் அமுங்கினால் காரணம் புரிந்துவிடும். மாதிரியைத் துருவத்தன்மை வாரியாகப் பிரித்துத் தனித்தனியே சோதி.

எம்சிஎஃப்-7 பார்க்கவே முடியாத விஷயங்கள் நிறைய. மெத்தாக்சிகுளோர் என்ற பூச்சிக்கொல்லி கல்லீரலில் மீத்தைல் தொகுதிகளை இழந்த பிறகுதான் முழு வீரியம் பெறுகிறது. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் டிஇஎச்பி என்ற தாலேட்டில் வேலை செய்வது அதன் சிதைபொருளான எம்இஎச்பி. அதுவும் ஆண்ட்ரோஜன் ஏற்பியில் உட்காருவதில்லை, கரு நிலையில் விரையிலுள்ள லேடிக் செல்கள் டெஸ்டோஸ்டீரோன் தயாரிப்பதையே குறைக்கிறது. ஆக, ஏற்பிச் சோதனை எதிலும் அது சிக்காது. உயிரினத்துக்கு உயிரினமும் வித்தியாசம். பேரெலிக் கருவில் டெஸ்டோஸ்டீரோன் விழுகிறது. சுண்டெலிக் கருவிலும், எலிக்குள் ஒட்டவைத்த மனிதக் கரு விரைத் திசுவிலும் அப்படி விழவில்லை. ஆனால் மூன்றிலும் இனச்செல்களில் ஒரே செல்லுக்குள் பல கருக்கள் சேர்ந்து நிற்கும் கோளாறு தெரிகிறது. ஒரே ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு ‘பாதுகாப்பானது’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

ஆற்று மீன்களையும் விட்டுவிடாதே. ஆண் மீனின் கல்லீரல் செல்லிலும் மஞ்சள்கரு முன்புரதமான விட்டெல்லோஜெனினுக்கான மரபணு இருக்கிறது, ஈஸ்ட்ரோஜன் போதாததால் சும்மா கிடக்கிறது. ஆண் மீனின் ரத்தத்தில் அந்தப் புரதம் தெரிந்தால் நீரில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது என்று நேரடியாகச் சொல்லலாம். கனடாவின் ஒன்டாரியோவில் 260-ஆம் எண் ஏரியில் 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரை ஈஸ்ட்ரோஜனை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்களில் விட்டெல்லோஜெனின் எகிறியது, விரைகளில் முட்டைச் செல்கள் தோன்றின, ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீன் அந்த ஏரியில் கிட்டத்தட்ட அற்றுப்போனது. உன் தட்டில் தெரியும் பிக்கோமோலார் கணக்கு ஒரு நீர்நிலையில் என்ன அர்த்தம் பெறும் என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

செய்தி கேட்டிருந்தாய். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் பிஸ்ஃபீனால் ஏ-யின் அன்றாட வரம்பை உடல் எடை கிலோவுக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமாகக் குறைத்தது. 20,000 மடங்கு. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அதை ஏற்காமல் 200 நானோகிராம் என்கிறது. 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் உணவு தொடும் பொருட்களில் பிஸ்ஃபீனால் ஏ-யைத் தடைசெய்தது. நல்லதுதான். ஆனால் அதன் இடத்தில் வந்த எஸ், எஃப் வகைகளும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் ஏறக்குறைய அதே வீரியத்தோடு உட்காருகின்றன. ‘பிபிஏ இல்லை’ என்று எழுதிய குழாயை உன் மேசையில் நம்பி வைக்காதே.

இந்த முறை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதே. மீடியம், டிரிப்சின், சீரம், குழாய் என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி, ஒவ்வொரு முறையும் கன்ட்ரோலை எண்ணு. எந்த மாற்றத்தில் கன்ட்ரோல் கீழே இறங்குகிறதோ அங்கேதான் கசிவு. அந்த எண்களை எனக்கு அனுப்பு, கூடவே மெத்தனாலின் லாட் எண்ணையும் உறிஞ்சு குப்பி எந்த வகை என்பதையும் எழுது. ஆற்று நீரின் முடிவுகளை அதற்குப் பிறகு சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் நண்பன்