கணைய நோயாளிக்கு அடுத்த தேதியை எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் சர்க்கரை நோய் பற்றி வந்த கட்டுரையை முழுக்கப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் இன்சுலினையும் செரிமான நீரையும் சுரக்கிற கணையம் கெட்டுப்போய் அதனால் சர்க்கரை வருகிறவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. என் தம்பி அப்படி ஒருவன், அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், பரிசோதனைகளைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எங்களுக்கு மார்த்தாண்டம் பக்கம். 2013-இல் அவன் பிளஸ் டூ படிக்கும்போது மேல்வயிற்றில் வலி வந்து முதுகு வரைக்கும் இழுத்தது. படுக்க முடியாமல், முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்பக்கம் குனிந்தே விடிய விடிய உட்கார்ந்திருந்தான். வாயு, அல்சர் என்று இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டான். அடுத்த தடவை ஒரு மருத்துவமனையில் ரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய என்சைமை (செரிமானப் பொருளை) அளந்து பார்த்தபோதுதான் கணைய அழற்சி என்று தெரிந்தது. "குடிப்பானா?" என்பதுதான் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி. மது ஒரு முக்கியக் காரணம், அதனால் கேட்க வேண்டிய கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இல்லை என்று சொன்ன பிறகும் யாரும் நம்பவில்லை, வேறு காரணத்தைத் தேடவும் இல்லை. பித்தப்பையில் கல் இருக்கலாம், ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஆயிரத்தைத் தாண்டியிருக்கலாம், ரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கலாம், பரம்பரையாகவும் வரலாம் என்பதெல்லாம் பல வருடம் கழித்து வேறொரு டாக்டர் உட்கார்ந்து விளக்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

ஆறு வருடத்தில் ஐந்து தடவை அட்மிட் ஆனான். ஒவ்வொரு தடவையும் சாப்பாட்டை நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றி, வலிக்கு ஊசி போட்டு, நான்கைந்து நாளில் அனுப்பிவிடுவார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் கடைசியில் இருப்பது ஒரே வரி: வலி வந்தால் வரவும். அந்த வரிதான் எங்களைக் கவிழ்த்தது. ஏனென்றால் 2019-இல் வலி வருவது நின்றுபோனது. அம்மா வேளாங்கண்ணிக்குப் போய் நேர்ச்சை செலுத்திவிட்டு வந்தாள். நாங்கள் எல்லோரும் குணமாகிவிட்டது என்றே நம்பினோம்.

அடுத்த ஒரு வருடத்தில் 58 கிலோ இருந்தவன் 46 கிலோ ஆனான். நன்றாகத்தான் சாப்பிட்டான், ஆனால் உடம்பில் ஒட்டவில்லை. மலம் எண்ணெய்ப் பிசுக்காகப் போகிறது, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போவதில்லை என்பதை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமலே இருந்திருக்கிறான். ஒரு நாள் மயக்கம் என்று போய்ப் பார்த்தால் சர்க்கரை 412. சிடி ஸ்கேனில் கணையக் குழாயில் கற்கள், கணையமே சுருங்கிக் கிடந்தது.

சிலருக்குக் கணையம் கெட்டுப்போகப் போக வலி குறைந்துவிடும் என்று அந்த ஸ்கேனைப் பார்த்த டாக்டர் அன்றைக்குச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். நோய் முற்றிய நிலையில் அமைலேஸ், லைபேஸ் என்ற இரண்டு கணைய என்சைம்களும் ரத்தத்தில் நார்மலாகவே இருக்கலாம், ஏனென்றால் அவற்றைச் சுரக்கவே கணையத்தில் போதுமான திசு மிச்சம் இருக்காது. "ரத்தம் நார்மல், போய் வாருங்கள்" என்று கேட்டு எத்தனை குடும்பம் நிம்மதியாகத் திரும்பிப் போயிருக்கும்? சாதாரண வயிற்று ஸ்கேனிலும் ஆரம்பகட்ட மாற்றங்கள் தெரியாமல் போகலாம். சிடி, கணையக் குழாயைக் காட்டும் எம்ஆர்சிபி என்ற எம்ஆர்ஐ ஸ்கேன், தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி வழியாகச் செய்கிற ஸ்கேன் என்றுதான் போக வேண்டும்.

ஒருமுறை கணைய அழற்சி வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மறுபடி வருகிறது. அப்படித் திரும்பத் திரும்ப வருகிறவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு அது நாள்பட்ட நோயாக மாறுகிறது. நம் பக்கத்தில் இது புதிய விஷயமும் இல்லை. சின்ன வயதில் வயிற்று வலி, பருவ வயதில் சர்க்கரை, வாழ வேண்டிய வயதில் மரணம் என்று கேரளத்து மருத்துவர் கீவர்கீஸ் 1960-களிலேயே இந்த நோயாளிகளின் கதையை எழுதிவைத்திருக்கிறார். மரச்சீனிக் கிழங்கு தின்பதால்தான் வருகிறது என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்கிறார்கள், அந்தக் காலத்தில் ஆராய்ச்சியாளர்களும் சந்தேகப்பட்டார்கள். ஆனால் கிழங்கே தின்னாதவர்களுக்கும் வருகிறது, பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. பலரிடம் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். என் அம்மா எத்தனை வருடம் அந்தக் கிழங்கை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள் தெரியுமா!

சரி, என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். வலி இருக்கிறதோ இல்லையோ, வருடத்துக்கு ஒருமுறையாவது வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி-யும் பார்க்க வேண்டும். எடையை மாதாமாதம் வீட்டிலேயே குறித்து வைக்கலாம், இதற்குக் காசே இல்லை. மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய என்சைமை அளக்கும் ஒரு பரிசோதனை இருக்கிறது, ஒரே ஒரு மாதிரி போதும். ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் கணையம் போதுமான அளவு சுரக்கவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும், 100-க்குக் கீழே போனால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால் வயிற்றுப்போக்கு இருக்கும்போது கொடுத்தால் தப்பாகக் குறைத்துக் காட்டும். கொழுப்பு செரிக்காததால் வைட்டமின் டி குறையும், எலும்பு மெலியும், அதையும் பார்க்க வேண்டும். என் தம்பிக்கு 24 வயதிலேயே எலும்பு அடர்த்தி குறைந்திருந்தது. நாள்பட்ட நோயில் கணையப் புற்றுநோய் ஆபத்தும் கூடுகிறது. அதனால் நின்ற வலி திரும்பினாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ, கண் மஞ்சளானாலோ தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம், பீடி சிகரெட். குடியை விடச் சொல்கிறார்கள், புகையைப் பற்றிப் பல இடங்களில் வாயே திறப்பதில்லை. புகை தனியாகவே கணையத்தைக் கெடுக்கும்.

கணையம் சுரக்காத செரிமான என்சைமுக்குப் பதிலாகக் கொடுக்கும் மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்பதையும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வெறும் வயிற்றில் விழுங்கிக்கொண்டிருந்தான். அது சோறோடு சோறாக, சாப்பிட ஆரம்பிக்கும்போதும் நடுவிலும் போக வேண்டும். அதே மாதிரி இந்த வகைச் சர்க்கரையில் இன்சுலின் போட்டால் சட்டென்று சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்து அதிகம், ஏனென்றால் சர்க்கரையை மேலே தூக்கிவிடும் குளுக்ககான் என்ற ஹார்மோனையும் அந்தக் கணையம்தான் சுரக்க வேண்டும். இரண்டு தடவை விடியற்காலையில் அவன் வாயில் சீனியை அள்ளிப் போட்டவள் நான்.

டாக்டர்களிடமும் சுகாதாரத் துறையிடமும் நான் கேட்பது பெரிய செலவில்லாத விஷயம். இரண்டாம் தடவை கணைய அழற்சியோடு வருகிறவரை அனுப்பும்போது, வலி வந்தால் வரவும் என்று எழுதாமல், இன்ன மாதம் இன்ன பரிசோதனையோடு வரவும் என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். 2021-இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற அரசுத் திட்டத்தில் வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரை கொண்டு வருகிறார்கள், எங்கள் தெருவுக்கும் வருகிறார்கள். ஒல்லியாக, சின்ன வயதாக இருக்கிற சர்க்கரை நோயாளியைப் பார்த்தால், "முன்னால் அடிக்கடி வயிற்று வலி வந்திருக்கிறதா, மலம் எண்ணெயாகப் போகிறதா?" என்று அவர்கள் கேட்டால் போதும், பதில் ஆம் என்றால் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாம்.

தம்பி இப்போது 53 கிலோ. அடுத்த எச்பிஏ1சி வருகிற மாதம், தேதியை அடுக்களைக் காலண்டரில் நான்தான் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மார்த்தாண்டம், கன்னியாகுமரி மாவட்டம்.