வெள்ளவத்தையிலிருந்து மாமாவுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? உங்கள் கடிதம் வந்தது. ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் சுண்ணாம்பு வட்ட நாடகத்தை உங்கள் குழு எடுக்கப்போவதாகவும், அதைச் சிங்களத்தில் போட்டுப் பேர் வாங்கிய ஹென்றி ஜயசேனவைப் பற்றி விசாரிக்கும்படியும் எழுதியிருந்தீர்கள். கேட்டதிலும் படித்ததிலும் நிச்சயமானதை மட்டும் எழுதுகிறேன்.

ஊர் நிலவரத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் காய்கறிக்காரர் முதல் மருந்துக்கடைக்காரர் வரை தமிழ்தான். 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, நல்ல நூலகம். மீன் மலிவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நாடகம் பார்ப்பதுதான் இங்கே வேறு மாதிரி. நம் ஊரில் நாடகக்காரர் சினிமாவுக்குப் போனால் திரும்பிப் பார்ப்பதில்லை. கொழும்பில் படத்தில் நாயகனாக வந்தவரே வார இறுதியில் லயனல் வென்ட் அரங்கில் மேடையேறுவார், திங்கட்கிழமை அலுவலகத்துக்கும் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் பிற்பகல் மூன்றரைக்கு ஒரு காட்சி, மாலையில் இன்னொன்று. இங்கிருந்து காலி வீதியில் 100 அல்லது 101 பஸ் பிடித்துக் கொள்ளுப்பிட்டியில் இறங்கி, ஒரு த்ரீவீல் எடுத்தால் அரங்க வாசல். எந்த நாடகமானாலும் மேடையேற்றும் முன் பிரதியைத் தணிக்கைக்குக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அந்தச் சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது, 1912இல் வந்தது. அனுமதி கைக்கு வராமல் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் கடைசி நேரத்தில் அலைவார்கள்.

இப்போது ஜயசேன. 1931 ஜூலை 6 பிறப்பு, கம்பஹா பக்கம். கொழும்பு நாலந்தாக் கல்லூரியில் படித்தார். மலைநாட்டுப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு, பொதுப்பணித் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். எழுதியது, இயக்கியது, நடித்தது எல்லாம் அலுவலகம் முடிந்த பிறகுதான். ஒத்திகைக்கு வருகிறவர்களும் ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள். அதனால் இங்கே ஒரு நாடகம் தயாராக மாதக்கணக்காகும். உங்கள் குழுவும் மில் வேலை முடிந்து வருகிறவர்கள்தானே, இதைக் கணக்கில் வையுங்கள்.

அவர் வந்த காலம் முக்கியம். 1956இல் பேராசிரியர் சரச்சந்திர ‘மனமே’யைப் போட்டார். பாட்டும் ஆட்டமுமாகச் சிங்கள நாடகம் தலைகீழாக மாறியது. அவர் எடுத்துக்கொண்ட, ‘நாடகம’ என்கிற சிங்கள நாட்டார் பாட்டு நாடக வடிவத்துக்கு வேர் நம் தமிழ்க் கூத்தில் இருக்கிறது. அதைப் பார்த்த உற்சாகத்தில்தான் பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் தமிழ்க் கூத்தை மேடைக்குத் திருத்தி எடுத்தார். கொடுத்த கடன் வட்டியோடு திரும்பியது என்பேன். ‘மனமே’க்குப் பிறகு எல்லோரும் பாட்டு நாடகமாகவே எழுதித் தள்ளியபோது ஜயசேன ‘ஜனேலய’ என்று இன்றைய மனிதனை வைத்துப் பேச்சு நடையில் எழுதினார். 1963இல் ‘குவேனி’. இலங்கையின் முதல் மன்னன் என்று கதை சொல்கிற விஜயன், தான் கைவிட்ட மனைவி குவேனியின் பக்கம் நின்று எழுதியது. மகாவம்சக் கதைப்படி அவளைத் துரத்திவிட்டு விஜயன் பெண் எடுத்தது நம் மதுரைப் பாண்டியர் வீட்டில். ஆகவே நமக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு.

அதே 1963இல்தான் ‘கம்பெரலிய’ படம். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவல், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கம், வில்லியம் பிளேக் ஒளிப்பதிவு. ஸ்டூடியோவுக்குள் போகாமல் பலப்பிட்டியில் ஒரு பழைய வளவு வீட்டில், அதாவது பெருங்குடி மாளிகையில், எடுத்தார்கள். டூயட் இல்லை, சண்டை இல்லை. ஜயசேன பியல் என்ற இளைஞனாக வருகிறார். பெரிய வீட்டுப் பெண் நந்தாவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போய், தகுதி போதாது என்று மறுக்கப்பட்டு, கொழும்பில் பணம் சேர்த்துக்கொண்டு திரும்பி வருகிற பாத்திரம். மேடைக்காரர் கேமரா முன் செய்கிற முதல் தப்பு கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிப் பேசுவது, இரண்டாவது கையை ஆட்டுவது. இவர் இரண்டையும் விட்டுவிட்டார். அவமானத்தைக் காட்டும் இடத்தில் முகம் அசைவதே இல்லை, பார்வை மட்டும் ஒரு கணம் தாமதித்து இறங்குகிறது. 1965இல் டெல்லித் திரைப்பட விழாவில் அந்தப் படத்துக்குத் தங்க மயில் விருது கிடைத்தது. 1980களின் தொடக்கத்தில் வந்த ‘கலியுகய’வில் அதே பியலை நடுவயதில் அவரே செய்தார், புண்யா ஹீந்தெனியவே மறுபடி நந்தா. ஒரே நடிகர் இருபது வருஷம் கழித்து ஒரே ஆளாக வருவதைப் பார்க்க வேறெங்கே கிடைக்கும்?

பிற்காலத்தில் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினியில் பதவி. தொலைக்காட்சியில் ‘தூ தருவோ’ தொடரில் சுது சீயா என்ற தாத்தாவாக வந்ததில், நாடகமே பார்க்காத வீடுகளிலும் முகம் தெரிந்தது. 1999இல் குடல் புற்றுநோய். சிகிச்சை அனுபவத்தைப் புத்தகமாகவே எழுதினார். 2009 நவம்பர் 11இல் காலமானார்.

சரி, நீங்கள் கேட்ட நாடகம். ‘ஹுணுவடயே கதாவ’, 1967. கலகத்தில் ஆளுநர் மனைவி விட்டுப்போன குழந்தையை வேலைக்காரி குருஷா காப்பாற்றி வளர்க்கிறாள்; பிறகு இருவரும் பிள்ளைக்கு உரிமை கேட்க, நீதிபதி அஸ்டாக் சுண்ணாம்பு வட்டத்துக்குள் பிள்ளையை நிறுத்தி இருவரையும் இழுக்கச் சொல்கிற கதை. மொழிபெயர்ப்பு அவர், அஸ்டாக் பாத்திரம் அவர், குருஷா அவர் மனைவி மானெல். வருஷக்கணக்காக ஓடியது. என் பார்வையில் அதன் பலம், சிங்களப் பாட்டுக்குரிய ஓசையில் வரிகளை அமைத்ததுதான். மூலத்தின் வரியைப் பிடித்துக்கொண்டு தமிழாக்கினால் பாடகர் மூச்சு விட இடம் இருக்காது. முதலில் மெட்டு, பிறகு சொல்.

அஸ்டாக்காக நடிப்பவருக்கு இருக்கும் சிக்கல் இது: முதல் பாதி முழுக்க அவர் மேடையில் இல்லை. குருஷா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையும் பாலமும் கடந்து சபையின் மனத்தைப் பிடித்த பிறகுதான் உள்ளே வருகிறார். கதையும் பின்னோக்கிப் போய், கலகம் வெடித்த அதே ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மறுபடி தொடங்குகிறது. இதைக் கதை சொல்லும் பாடகர் நிறுத்தி, தெளிவாகச் சொல்லாவிட்டால், இது குருஷா கதைக்குப் பிறகு நடப்பது என்று சபை நினைத்துக் குழம்பும். வந்தவுடன் சிரிப்பு வாங்கப் பார்க்கிற நடிகரையும் அந்தப் பாத்திரத்துக்குப் போடாதீர்கள். லஞ்சம் வாங்கி, சட்டப் புத்தகத்தின் மேல் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிற ஆள்தான். ஆனால் உயிர்ப்பயம் உள்ளே இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கடைசி வழக்கு வெறும் வேடிக்கை.

நீளமும் கவனம். வெட்டாமல் போட்டால் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். பள்ளத்தாக்கு யாருக்கு என்று இரண்டு கூட்டுப் பண்ணைக்காரர்கள் வாதாடும் முன்கதையைப் பல குழுக்கள் விட்டுவிடுகின்றன. என்னைக் கேட்டால் பத்து நிமிஷமாகச் சுருக்கியாவது வையுங்கள், கடைசிப் பாட்டு அதற்குத்தான் பதில் சொல்கிறது. ஆள் பற்றாக்குறைக்கு, பதினைந்து பேர் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டால் சமாளிக்கலாம். 1954இல் பிரெக்ட் பெர்லினில் போட்டபோது மேட்டுக்குடியினருக்கு முகமூடி வைத்தார். அப்படிச் செய்தால் ஒருவரே இரண்டு மூன்று பாத்திரம் செய்வது தெரியாது.

வட்டம் போடுவதில் நம் ஊர் சபாக்களில் இடைஞ்சல் வரும். மேடை உயரம், நாற்காலிகள் சமதளத்தில். தரையில் கோடு போட்டால் முதல் வரிசைக்குக்கூடத் தெரியாது. ஆறடி விட்டத்தில், போலீஸ்காரன் ஷாவ்வா குனிந்தபடி சுற்றி நடந்து மெதுவாகப் போடட்டும். அவன் நடையிலேயே வட்டம் தெரியும். தரை மங்கலான கறுப்பாக இருந்தால் சுண்ணாம்பு பிடிக்கும். பாலிஷ் பலகையில் வழுக்கி, அடுத்த ஆள் மிதித்ததும் அழிந்துவிடும்.

குழந்தை விஷயம் எல்லாவற்றிலும் பெரிது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முழங்கை மூட்டு எளிதில் பிசகும். ஆறேழு வயதில் சிறுகூடான பிள்ளையாகப் பாருங்கள். மணிக்கட்டை விட்டுவிட்டு மேற்கையைப் பிடிக்கச் சொல்லுங்கள். இழுக்கிறவர்கள் இழுப்பது போலப் பாவனை செய்ய, பிள்ளைதான் தானாக ஆளுநர் மனைவி பக்கம் இரண்டு எட்டு எடுத்து வைக்க வேண்டும். குருஷா கையை விடுவது இரண்டு தடவை. இரண்டாவது, முதலாவதைவிடத் தாமதமாக. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் தீர்ப்பு சப்பென்று போய்விடும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் காட்சியே நின்றுவிடும், அதனால் இரண்டு பிள்ளைகளைப் பழக்கி வையுங்கள்.

பாட்டுகளுக்கு இங்கே இசையமைத்தவர் ஷெல்டன் பிரேமரத்ன. பதிவு ஏதாவது கிடைக்கிறதா என்று பார்க்கிறேன். கிடைத்தால் பெரியக்கா ஆடியில் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். அத்தையை நடையை விடாமல் இருக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்