செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். கடந்த ஓராண்டில் நம் பிளாஸ்டிக் மாதிரி செய்வோர் சங்கம் செய்த பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. டிசம்பர் கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போனது. ஆயுத பூஜை சிறப்பாக நடந்தது. கோடை விடுமுறையில் பள்ளி மாணவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி முகாம் நடத்தினோம். புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்களை வரவேற்கிறேன். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் இந்த ஆண்டு காலமானார். அவருடைய துணைவியார், கணவர் சேர்த்து வைத்திருந்த கிட் பெட்டிகள் (ஒட்டிச் செய்யும் மாதிரிப் பாகங்கள் அடங்கிய பெட்டிகள்) அனைத்தையும் சங்கத்துக்கே தந்துவிட்டார். அந்த அம்மாவுக்கு இந்தக் கூட்டம் எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆண்டின் முக்கியமான வேலை அந்தப் பெட்டிகளிலிருந்துதான் தொடங்கியது.

சென்ற பொதுக்குழுவில் ‘அரிய சோவியத் டாங்கிகள்’ என்ற வரிசையை 1/35 அளவில், அதாவது அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக, சங்கமே கூடிச் செய்யலாம் என்று நான் முன்மொழிந்தேன். தீர்மானம் நிறைவேறியது. ஆனாலும் அதற்குப் பிறகு ஆண்டு முழுக்க, “டைகர் செய்தால் ஜனம் பார்க்கும், இதை யார் பார்ப்பார்கள்?” என்ற பேச்சு என் காதுக்கு வந்துகொண்டே இருந்தது. அதற்கு இங்கே பதில் சொல்வது என் கடமை. ஜெர்மன் டாங்கியான டைகர் முதல் வகை 1,347 வண்டிகள் செய்யப்பட்டன. எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் மேசைக்கு ஒன்று இருக்கிறது. கார்கிவ் தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஐந்து டரட் (பீரங்கியோ துப்பாக்கியோ பொருத்திய சுழலும் மேல்கூடு) கொண்ட டி-35, முன்மாதிரிகளையும் சேர்த்து மொத்தமே 61. எஸ்எம்கே டாங்கி ஒன்றே ஒன்று. 1939 டிசம்பரில் பின்லாந்துப் போரில் சும்மா (Summa) என்ற இடத்தில் கண்ணிவெடியில் சிக்கி அங்கேயே நின்றுபோன வண்டி அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் அல்லது அவர்களின் பிள்ளைகள். அங்கே நாம் செய்த டி-72, டி-90 எல்லாம் இந்த வம்சம்தான். டி-34இலிருந்து டி-44, அதிலிருந்து டி-54, டி-55 என்று வந்த வழியை நாம் காட்டாமல் வேறு யார் காட்டுவது?

கிட் தேடுவதுதான் பெரும்பாடு. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு இந்த வண்டிகளில் பாதிக்குக் கிட்டே கிடையாது, இல்லாவிட்டால் ரெசினில்தான் உண்டு. இப்போது நிலைமை மாறிவிட்டது. டிரம்பெட்டர் கம்பெனி எஸ்எம்கே, டி-100, ஐஎஸ்-7 மூன்றையும் போட்டிருக்கிறது. ஹாபி பாஸ் டி-24ஐக்கூட விட்டுவைக்கவில்லை. நான்கு டிராக்கில் (சங்கிலிப் பட்டையில்) ஓடும் அப்ஜெக்ட் 279ஐ டாகோம், பாண்டா இரண்டு கம்பெனிகளும் போட்டன. டி-44 மினிஆர்ட்டிடம் இருக்கிறது. ஆனால் கம்பெனி போட்டுவிட்டது என்பதால் நம் கைக்கு வந்துவிடுமா? ஒரு முறை போட்ட கிட் தீர்ந்தால் மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வெளிநாட்டில் வாங்கினால் கிட் விலைக்குச் சமமாகத் தபால் செலவும் சுங்கமும் ஆகிவிடுகிறது. ஒரு விற்பனையாளர் முன்பணம் வாங்கிக்கொண்டு இன்றுவரை பெட்டி அனுப்பவில்லை. அந்தப் பணத்தைத் திரும்பப் பெறும் முயற்சி நடந்துகொண்டிருக்கிறது. இதையெல்லாம் பார்த்துத்தான், வாங்குவதைக் குறைத்து, இருப்பதை மாற்றிச் செய்வது என்று முடிவெடுத்தேன். செயற்குழுவும் அதை ஏற்றது.

மறைந்த உறுப்பினரின் பெட்டிகளில் டி-34இன் 1941ஆம் ஆண்டு வகை ஒன்று இருந்தது. அதைத்தான் டி-34-57 ஆக மாற்றினோம். 1941இல் இதே வண்டியில் 57 மில்லிமீட்டர் ஸிஸ்-4 பீரங்கியைப் பொருத்திப் பத்து டாங்கிகள் செய்தார்கள். அவை 21ஆம் டாங்கிப் படைப்பிரிவுக்குப் போய், அக்டோபரில் கலீனின் நகரைச் சுற்றி நடந்த சண்டையில் இறங்கின. கவசத்தைத் துளைப்பதில் அந்தக் காலத்தில் அதற்கு இணை இல்லை. நீளமான அந்தக் குழாயைத் தொழிற்சாலையில் கடைந்தெடுப்பது கடினமாக இருந்ததால் தொடரவில்லை.

மாதிரி செய்பவனுக்கு இதில் உள்ள வசதி, மாற்ற வேண்டியது பெரும்பாலும் குழாயை மட்டும்தான். டரட், உடல், சக்கரம் எல்லாம் அப்படியே. ஆனால் அந்தக் குழாய் இருக்கிறதே! கிட்டில் வரும் எஃப்-34 பீரங்கியின் குழாய் அசலில் சுமார் 3.16 மீட்டர். ஸிஸ்-4 விட்டத்தைப்போல் 73 மடங்கு நீளம், அதாவது 4.16 மீட்டர். மாதிரியில் கிட்டத்தட்ட 28 மில்லி கூடுகிறது. வாயின் உள்விட்டமோ 2.2 மில்லியிலிருந்து 1.6 மில்லியாகக் குறைகிறது. பிளாஸ்டிக்கில் செய்தால் வெயில் காலத்தில் தொங்கிவிடும். நம் தொழிற்சாலையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர் ஐயாவிடம் போனேன். அவர் வீட்டு வராந்தாவில் இருக்கும் சின்ன லேத்தில் பித்தளைக் கம்பியை மாட்டினார். மெல்லிய கம்பியை முழு நீளத்துக்கு வெளியே நீட்டிக் கடைந்தால் உளி பட்டதும் வளைந்துகொடுக்கும், நடுவில் தடித்துவிடும். அதனால் விரலளவு மட்டும் வெளியே விட்டுக் கடைந்து, உப்புத்தாளால் இழைத்து, கம்பியைப் பிடித்திருக்கும் ‘சக்’கைத் தளர்த்தி இன்னும் கொஞ்சம் இழுத்து, மறுபடி கடைந்தார். இணைப்புத் தெரிகிறதா என்று நகத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். வாய்த் துளையைக் கடைசியாகக் கையாலேயே போட்டார். அந்தக் குழாயை டரட்டில் பொருத்தி மேசையில் வைத்தபோது, பழகிய டி-34 முகமே மாறிப்போயிற்று. கடையில் விற்கும் உலோகக் குழாய்களை நான் பார்த்திருக்கிறேன். இது அவற்றுக்கு ஒரு மாற்றும் குறைந்ததல்ல என்று பொதுக்குழுவில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

அதே பெட்டிகளில் ஐசிஎம் கம்பெனியின் பழைய டி-35ம் இருந்தது. பாகங்கள் வளைந்திருந்தன, இயந்திரத் துப்பாக்கி டரட் ஒன்றைக் காணவில்லை. தூக்கிப் போட்டுவிடலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. டி-35, டி-28 இரண்டுக்கும் பெரிய டரட்டும் சின்னத் துப்பாக்கி டரட்டும் ஒரே வடிவமைப்பு. சோவியத்காரர்களே அப்படித்தான் சிக்கனம் பிடித்தார்கள். ஆகவே நம் இளம் உறுப்பினர் ஒருவர் தன் டி-28 கிட்டின் டரட்டைக் கொடுத்து உதவ, சிலிகான் அச்செடுத்து ரெசினில் வார்த்தோம். வளைந்த உடலை வெந்நீரில் நனைத்து நிமிர்த்தி, உள்ளே பிளாஸ்டிக் ஷீட்டில் குறுக்குச் சுவர் வைத்தோம். இன்று இருபத்தெட்டு சென்டிமீட்டர் நீளத்தில் ஐந்து டரட்டோடு நிற்கிறது. 1941 ஜூன், ஜூலையில் அசல் வண்டிகளில் பெரும்பாலானவை எதிரி அடித்து அல்ல, கியர்பாக்ஸும் கிளட்சும் போய் உக்ரைன் சாலைகளில் கைவிடப்பட்டவை. அதனால் சேதமில்லாத, ஆனால் புழுதி படிந்த வண்டியாகவே வண்ணம் தீட்டினோம். சோவியத் டாங்கிகளுக்கு அடித்த 4பிஓ பச்சை நிறம் சரியாக எது என்ற விவாதம் நம் கூட்டத்தில் இன்னும் முடியவில்லை, அதற்குள் இப்போது போகவில்லை.

ஜனவரிக் கண்காட்சியில் இந்த வரிசையின் முன்தான் கூட்டம் நின்றது. டி-55 ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், துணைத்தலைவர் சொந்தச் செலவில் வாங்கிச் செய்த டி-44ஐச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எங்க வண்டிக்கு அப்பா இதுதானா?” என்று கேட்டார். யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

இனி, மனத்தாங்கலான விஷயங்கள். பட்டியலில் உள்ள உறுப்பினர்களில் பாதிப் பேர்கூடக் கூட்டத்துக்கு வருவதில்லை. வாட்ஸ்அப்பில் படத்துக்கு விருப்பம் தெரிவிப்பவர்கள், மேசை தூக்கவும் பந்தல் போடவும் ஆள் வேண்டும் என்ற செய்திக்குப் பதில் போடுவதில்லை. கண்காட்சிக்கு முந்தின இரவு கூடத்தைத் தயார் செய்தவர்கள் நால்வர். அகமதுநகர் (இப்போது அகில்யாநகர்) டாங்கி அருங்காட்சியகத்துக்குச் சுற்றுலா போக வேண்டும் என்று கேட்டவர்களே முன்பணம் கட்டவில்லை. ரயில் முன்பதிவை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. சந்தா ஆண்டுக்கு ஒரு முறை கட்டும் சிறு தொகை. அதை இரண்டாண்டாகக் கட்டாதவர்களும் இருக்கிறார்கள். பெயர் வாசிக்கலாம் என்று செயற்குழுவில் யோசனை வந்தது, நான்தான் தடுத்தேன். சங்கத்தின் ஏர்பிரஷ் கம்ப்ரஸர் ஒரு வாரத்துக்கென்று எடுத்துச் செல்லப்பட்டு இன்னும் வரவில்லை. டி-35க்கு வண்ணம் அடிக்க என் வீட்டு கம்ப்ரஸரைத்தான் சுமந்து வந்தேன். எடுத்துச் சென்றவர் தாமாகக் கொண்டு வந்து வைத்துவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டோம்.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அளிப்பார். பொதுவாக, வரவுக்குள் செலவு அடங்கியிருக்கிறது. கூடத்தின் வாடகை கூடியிருக்கிறது. டாங்கி வரிசைக்குச் சங்கப் பணத்தில் போனவை பித்தளைக் கம்பி, சிலிகான், ரெசின், வண்ணங்கள், மேலே சொன்ன அந்த முன்பணம் ஆகியவை மட்டுமே. மற்றவை உறுப்பினர்களின் கைக்காசு. ரசீதுகள் கோப்பில் உள்ளன, யாரும் பார்க்கலாம்.

வழிநடத்திய தலைவருக்கும், துணைத்தலைவருக்கும், பொருளாளருக்கும், கூடம் தந்த குடியிருப்போர் நலச் சங்கத்தாருக்கும், தேநீர் உபசாரம் செய்த மகளிர் உறுப்பினர்களுக்கும், லேத் வேலை செய்து தந்த ஐயாவுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் கேவி-85 என்ற சோவியத் கனரக டாங்கியைச் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். 1943இல் 85 மில்லிமீட்டர் பீரங்கி அவசரமாகத் தேவைப்பட்டது, புதிய ஐஎஸ் டாங்கியின் உடல் இன்னும் தயாராகவில்லை. செல்யாபின்ஸ்க் தொழிற்சாலையில் ஐஎஸ் டரட்டைக் கேவி-1எஸ் உடலில் ஏற்றிவிட்டார்கள். டரட் வளையம் பெரிதென்பதால் உடலின் இருபுறமும் அகலப்படுத்தினார்கள், முன்னால் இருந்த துப்பாக்கி வீரரின் இடத்தை எடுத்துவிட்டார்கள். நூற்றைம்பதுக்கும் குறைவாகவே செய்த வண்டி. அசலே இரண்டு வண்டிகளைச் சேர்த்துச் செய்ததென்றால், நாம் இரண்டு கிட்டைச் சேர்ப்பதில் என்ன தவறு? கேவி-1எஸ் கிட் அம்மா தந்த பெட்டிகளில் இருக்கிறது. 85 மில்லிமீட்டர் பீரங்கியுள்ள ஐஎஸ்-1 டரட்தான் இல்லை. பாதியில் நிறுத்திய கிட், டிராக் தொலைந்த கிட், பிள்ளைகள் உடைத்த கிட் எதுவானாலும் சரி, யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் தந்து உதவுங்கள். புதிதாக வாங்குவதென்றால் நிலுவைச் சந்தா வந்தால் போதும், தனி நன்கொடை கேட்க வேண்டியதில்லை.

இன்று புதிய நிர்வாகிகள் தேர்வு நடக்கிறது. செயலாளர் பொறுப்புக்கு யார் வந்தாலும் இந்த வரிசை நின்றுவிடக் கூடாது. பொதுக்குழு விரும்பினால் தொடர நான் தயாராக இருக்கிறேன். வேறொருவர் வந்தால், அளவுகள், படங்கள், சிலிகான் அச்சுகள் எல்லாவற்றையும் அவரிடம் ஒப்படைப்பேன். பொருளாளர் வாசல் பக்க மேசையில் ரசீதுப் புத்தகத்தோடு இருக்கிறார். மதிய உணவுக்கு முன்பாகவே நிலுவையைச் செலுத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்