பேக்கலைட் கிட்டாரும் ஒரு காந்தப் பிரச்சினையும்

லேக் மார்க்கெட்,
கொல்கத்தா

அன்புள்ள ரகு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. இரண்டாவதில் இருந்த வசவு முழுவதும் எனக்கு உரியதுதான், வாங்கிக்கொண்டேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். பாருவுக்கு முட்டிவலி பழையபடி. பேரன் பன்னிரண்டாம் வகுப்பு, அதனால் வீட்டில் சத்தமாகத் தும்மக்கூட அனுமதி இல்லை. பட்டாபி பெண் கல்யாணத்துக்கு வர முடியாது, நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. என் இலையையும் சேர்த்து நீ கவனித்துக்கொள்வாய் என்று அவனுக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆயுசு முழுக்க ரேடியோ ஸ்டேஷனில் சால்டரிங் அயர்னோடு குடித்தனம் நடத்தியவன் நீ. உன்னை விட்டால் இதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை.

கீழ்வீட்டு மாஷிமாவை உனக்கு நினைவிருக்கும். கடுகு அரைத்த மீனைத் தின்றே ஆகவேண்டும் என்று உன்னை மாடிப்படி வரை துரத்தினாரே, அவரேதான். அவர் கணவர் போன பங்குனியில் காலமானார். மனிதர் அந்தக் காலத்தில் கிட்டார் வாத்தியார். பேட்டையில் பாதிப் பெண்களுக்கு ரவீந்திர சங்கீதத்தைக் கிட்டாரில் சொல்லிக்கொடுத்தவர். ஒழித்துப் போடும்போது அலமாரிக்குப் பின்னால் ஒரு பெட்டி கிடைத்தது. "உனக்குத்தான் பாட்டு தெரியுமே, பார்" என்று என்னிடம் கொடுத்துவிட்டார். திறந்தால் ஒரு ரிக்கன்பாக்கர்! மடியில் கிடத்தி, இரும்புக் கட்டையால் தந்தி மேல் இழைத்து வாசிக்கிற எலெக்ட்ரிக் ஸ்டீல் கிட்டார். யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய ஓர் அமெரிக்கச் சிப்பாயிடம் அவர் மாமனார் வாங்கியதாம். நம்பலாம், அப்போது கல்கத்தா முழுக்க அமெரிக்கப் பட்டாளம்தான்.

மரம் என்பதே கிடையாதடா இதில். உடம்பு, கழுத்து இரண்டும் பேக்கலைட், அந்தக் காலத்துக் கெட்டிப் பிளாஸ்டிக். உன் வீட்டுப் பழைய ஸ்விட்சுகள் எதால் ஆனவையோ அதே சரக்கு. கையால் அழுத்தித் தேய்த்து மோந்து பார்த்தால் லேசாக மருந்து நெடி. கழுத்தில் ஸ்வர இடம் காட்டும் குறுக்குக் கம்பி தனியாகப் பதிக்கவில்லை, பேக்கலைட்டிலேயே வரம்பு வரம்பாக வார்த்து வெள்ளை பூசியிருக்கிறார்கள். சும்மா கண்ணுக்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். தந்தி அதைத் தொடுவதே இல்லை. மேலே குரோமியத் தகடுகள், அங்கங்கே உரிந்து போயிருக்கின்றன. ஆனால் பார்க்கவேண்டியது பிக்கப்பைத்தான், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பாகத்தை. குதிரை லாடம் போல இரண்டு காந்தங்கள் எதிரெதிராக நின்று ஆறு தந்திகளையும் மேலிருந்து வளைத்துக்கொண்டிருக்கின்றன. கீழே காயில், கம்பிச் சுருள். தந்தி காந்தத்துக்குள் புகுந்து போகிறது. பாருவின் டெய்லர் டேப்பை எடுத்து அளந்தேன். காந்தத்தின் அகலம் ஒன்றரை அங்குலம். யுத்தத்துக்குப் பிறகு வந்தவற்றில் ஒன்றேகால்தான். ஆக மாஷிமா சொன்ன கதைக்குக் காந்தமே சாட்சி.

இதன் வரலாறு தெரிந்தால் நீ சும்மா இருக்கமாட்டாய். உலகத்தில் விற்பனைக்கு வந்து நிலைத்த முதல் எலெக்ட்ரிக் கிட்டார் நின்றுகொண்டு வாசிக்கிற ஜாதி இல்லை, இந்த மடி ஜாதி. ஜார்ஜ் போஷாம் என்ற ஸ்டீல் கிட்டார்காரருக்கு, பேண்டில் மற்றவர்கள் ஊதுகிற ஊதலில் தன் வாத்தியம் காதில் விழவில்லை என்று குறை. அந்தக் குறையில் பிறந்ததுதான் இந்த லாடப் பிக்கப். 1932-இல் அடால்ஃப் ரிக்கன்பாக்கரோடு சேர்ந்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். முதல் மாடல் முழுக்க வார்ப்பு அலுமினியம். வட்ட உடம்பும் நீளக் கழுத்துமாக இருந்ததால் 'வாணலி' என்றே பெயர் விழுந்துவிட்டது. மேடை விளக்குச் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி நகர்ந்துவிடும். அதற்கு மாற்றாக 1935-இல் வந்ததுதான் இந்தப் பேக்கலைட். காப்புரிமை கிடைக்க 1937 ஆகிவிட்டது. அதற்குள் ஊரில் ஆளாளுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். நம் சர்க்கார் ஆபீஸ் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஹவாய்த் தீவில் ஜோசப் கெக்கூக்கு என்ற பள்ளிக்கூடப் பையன் கிட்டார் தந்தி மேல் இரும்பை இழைத்துப் பார்த்ததுதான் இந்த வாசிப்புக்கே ஆரம்பம் என்பார்கள். 1880களின் கடைசி. அவனுக்கு முன்பே காப்ரியேல் டேவியன் என்று இந்தியாவில் பிறந்த ஒருவன் அங்கே அப்படி வாசித்தான் என்றும் ஒரு பேச்சு உண்டு. இதைப் படித்ததும் நீ எழுந்து உட்கார்ந்து, "அப்போ கட்டையை இழைச்சு வாசிக்கிற நம்ம கோட்டு வாத்தியம்தான் கப்பல் ஏறிப் போயிருக்கு!" என்று ஆரம்பிப்பாய். வேண்டாம். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கோடியாத்து மாமா இருந்திருந்தால் உன்னோடு சேர்ந்து குதித்திருப்பார், அது வேறு.

அவர் நினைவு வராமல் இதை வாசிக்க முடியவில்லை ரகு. கோட்டு வாத்திய மேதை திருவிடைமருதூர் சகாராம ராவை நேரில் கேட்டவர்களின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர் இல்லையா? அந்தக் கருங்காலிக் கட்டையைத் தொட நம்மை விடவே மாட்டாரே. "விரல் பழகறதுக்கு முன்னாடி காது பழகணும்டா" என்பார். இப்போது புரிகிறது. குறுக்குக் கம்பியில் விரல் வைத்தால் ஸ்வரம் தானாக வந்துவிடும் வாத்தியத்தில் காது கொஞ்சம் தூங்கலாம். இதில் கட்டை ஒரு நூல் தள்ளினாலும் காந்தாரம் அழுகிறது. அதுவும் இந்தப் பிக்கப் எதையும் மறைத்துக் கொடுப்பதில்லை. பெஹாக் ஓரளவு வழிக்கு வருகிறது. சகானாவை எடுத்தேன், பாரு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆனால் ஒரு ஸ்வரம் சரியாக விழுந்துவிட்டால்! வீணை மீட்டினால் நாதம் உடனே இறங்க ஆரம்பிக்கும் அல்லவா? இது இறங்காமல் அப்படியே நிற்கிறது. பேக்கலைட் அசைந்து கொடுக்காததால் தந்தியின் அதிர்வை உடம்பு தின்றுவிடுவதில்லை என்று நினைக்கிறேன். கட்டையை லேசாக ஆட்டினால் அந்த நீளம் முழுக்க அலை. ரேடியோவில் அடுத்த நிகழ்ச்சிக்கு இரண்டு நிமிஷம் பாக்கி இருந்தால் ஒரு கிட்டார் தட்டு போடுவார்களே, வான் ஷிப்லி, சுனில் கங்குலி என்று, அந்த ஒலியின் தாத்தா இது. நாம் அதை இட்டுநிரப்பல் என்று கேலி செய்துகொண்டு வெற்றிலை போடப் போய்விடுவோம். இங்கே கல்கத்தாவில் அதற்கு ஒரு பரம்பரையே இருந்திருக்கிறது. டாவ் மோ என்ற ஹவாய்க்காரர் நாற்பதுகளில் குடும்பத்தோடு இங்கேயே தங்கி வாசித்தும் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறார். அப்புறம் வங்கக் கவி நஸ்ருல் இஸ்லாமின் பிள்ளை காஜி அனிருத்தாவும் ஹவாயன் கிட்டார்தான். மாஷிமாவுக்கு இந்தப் பெயர்களெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி.

இப்போது உன் பாகம். கவனமாகப் படி.

பெட்டியில் கிட்டார் மட்டும்தான், ஆம்ப்ளிஃபயர் இல்லை. பேரனின் சின்ன ஆம்ப்பில் சொருகினேன். சத்தம் வந்தது, ஆனால் மெலிசு, தகரத்தனம். அப்புறம் என் பழைய வால்வு ரேடியோவின் முதுகில் கிராமபோன் பிக்கப்புக்கு இரண்டு ஓட்டை இருக்குமே, அதில் கொடுத்துப் பார்த்தேன். கத்தாதே. கல்கத்தாவில் பல தெருக்களில் ரொம்ப காலம் டிசி கரண்ட்தான் என்பதும், ஏசி, டிசி இரண்டிலும் ஓடுகிற செட்டில் சேசிஸிலேயே, அந்த உலோகச் சட்டத்திலேயே, கரண்ட் வரும், கிட்டார் தந்தியைத் தொட்டால் நேரே வைகுண்டம் என்பதும் எனக்கும் தெரியும். என்னுடையது டிரான்ஸ்ஃபார்மர் செட், அதில் அந்த ஆபத்து இல்லை. உள்ளே பார்த்துவிட்டுத்தான் தொட்டேன். அதில் ஒலி கொழகொழவென்று அவ்வளவு அழகு, ஆனால் முழு வால்யூமில் வைத்தாலும் பக்கத்து அறைக்குக் கேட்காது. ஹம் என்கிற இரைச்சல் இருக்கிறது, தந்தியைத் தொட்டால் குறைகிறது. மீட்டரில் காயில் அறுபடவில்லை.

லால்பஜார் பக்கம் ஒரு வாத்தியக் கடைக்காரர் பார்த்துவிட்டு, காந்தம் செத்துவிட்டது, கழற்றிப் போட்டுவிட்டுப் புதுப் பிக்கப் வைக்கலாம் என்றார். அப்படியே கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். கோவில் விக்கிரகத்தை ஃபைபரில் செய்து தருகிறேன் என்பது போல இருந்தது. இன்னொருவர் காந்தத்துக்கு மறுபடி சக்தி ஏற்றித் தருகிறேன் என்கிறார். பழைய எஃகுக் காந்தம், எண்பது வருஷத்தில் சோர்ந்துதான் போயிருக்கும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சோர்வும் இந்த ஒலியில் ஒரு பங்காக இருந்தால்? ஏற்றிய பிறகு கணீரென்று வந்து, அந்தக் குழைவு போய்விட்டால் திரும்பப் பெற வழியில்லை. இன்னொரு சந்தேகம்: அதிக வோல்டேஜ் கொடுக்கிற கிராமபோன் கிரிஸ்டல் பிக்கப்புக்காக வைத்த ஓட்டைக்கு இந்தக் காயில் கொடுக்கும் துக்கடா வோல்டேஜ் போதாது என்பதுதான் முழு வியாதியுமோ? அப்படியானால் நடுவில் ஒரு வால்வு ப்ரீஆம்ப், சிக்னலை முன்கூட்டியே பெருக்குகிற சர்க்யூட், வைத்தால் தீர்ந்தது, காந்தத்தைத் தொடவே வேண்டாம்.

மாஷிமாவிடம் கேட்டேன். "அவர் இருந்தவரை அதன் ஒரு ஸ்க்ரூவைக்கூட யாரையும் திருக விட்டதில்லை" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனால் கடைசிப் பத்து வருஷம் அவரும் வாசிக்கவில்லையே" என்றார். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மாஷிமாவின் பிள்ளை வேறு வெளிநாட்டிலிருந்து போன் செய்து, அதற்கு அங்கே நல்ல விலை, விற்றுவிடலாம் என்கிறானாம். பூஜை லீவுக்கு வருகிறான். மாஷிமா இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. விற்பதானால் அப்படியே தொடாமல் கொடுப்பதுதான் முறை. எனக்கென்னவோ அவர் ஒருதரம் அதைப் பழைய குரலில் கேட்டுவிட்டால் விற்க மனசு வராது என்று தோன்றுகிறது. இதில் என் சுயநலமும் இருக்கிறது, நீ சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

எனவே ஒரு ப்ரீஆம்புக்கு சர்க்யூட் போட்டு அனுப்பு. 12ஏஎக்ஸ்7 வால்வு இங்கே கிடைக்கும். உன் கோழிக்கிறுக்கல் புரியாது, அதனால் ரெசிஸ்டர் மதிப்புகளை உன் மருமகளை விட்டு எழுதச் சொல். காந்தம் பற்றி உன் தீர்ப்பையும் ஒரு வரியில் எழுது. ஒரு வரியில், ரகு. 1978-இல் ஆன்டெனா பற்றிக் கேட்டதற்கு நீ எழுதிய பதினொரு பக்கத்தை நான் இன்னும் முடிக்கவில்லை.

போன் செய்வதானால் ராத்திரி ஒன்பதுக்கு மேல் செய். அதற்கு முன்னால் பாருவுக்கு சீரியல், எடுக்க மாட்டாள்.

உன்,
சாமா