இதய நோய் மரபணு அறிக்கை தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அழற்சி (காயத்துக்கும் தொற்றுக்கும் எதிராக உடல் காட்டும் எதிர்வினை) சார்ந்த மரபணுக்களை வைத்து இதய நோய் ஆபத்தைச் சொல்லும் பரிசோதனை நிறுவனங்களுக்கும், அந்த அறிக்கைகளின் வாசகங்களை எழுதுபவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் ஆய்வகத்தைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. எச்சிலிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, எந்த இடத்தில் எந்த எழுத்து இருக்கிறது என்று நீங்கள் சரியாகவே படிக்கிறீர்கள். படித்ததற்கு நீங்கள் சொல்லும் பொருள்தான் பிரச்சினை. 'அதிக ஆபத்து' என்று அச்சிடும்போது எவ்வளவு அதிகம், யாரோடு ஒப்பிட்டு, எந்த ஆதாரத்தில் என்பதையும் கூடவே அச்சிடுங்கள். நான் கேட்பது இதைத்தான்.

என் தம்பிக்கு முப்பதுகளின் நடுவில் வயது. அப்பா மாரடைப்பில் போனதிலிருந்தே அவனுக்கு உள்ளூர ஒரு பயம். அதனால்தான் பரிசோதனைக்குக் கொடுத்தான். சிகரெட்டை விட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்த நேரம் அது. அறிக்கை கைபேசிக்கு வந்தது. உள்ளே ஓர் அட்டவணை. ஐஎல்-6, டிஎன்எஃப், சிஆர்பி என்று அழற்சியோடு தொடர்புடைய புரதங்களை உண்டாக்கும் மூன்று மரபணுக்கள், மூன்றுக்கும் எதிரே சிவப்புக் கட்டம், அடியில் தடித்த எழுத்தில் 'இதயத் தமனி நோய்: அதிக ஆபத்து'. அதற்கடுத்த பக்கத்தில் அழற்சியைத் தணிக்கும் என்று சொல்லி மாத்திரை டப்பாக்களின் படம், பக்கத்திலேயே வாங்குவதற்கான பொத்தான். அவன் புகைபிடிப்பவனா, ரத்த அழுத்தம் எவ்வளவு, கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று எந்தப் பக்கத்திலும் ஒரு வரிகூட இல்லை.

அன்று இரவே மறுபடியும் சிகரெட் பற்றவைத்தான். சண்டை போட்டேன். "அக்கா, ஜீன்லயே எழுதி வச்சிருக்கு. இதை விட்டா மட்டும் என்ன ஆகப்போகுது?" என்றான். அக்கா வாயால் சொல்வதைவிட ஆய்வகம் அச்சில் சொல்வதை அவன் நம்பினான். அதில் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அறிக்கையில் இருந்த உதவி எண்ணை அழைத்தேன். மருத்துவரைப் பாருங்கள் என்றார்கள். மருத்துவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதை வைத்து நான் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஓரமாக வைத்தார். அப்புறம் ரத்த அழுத்தம் பார்த்தார். இருக்க வேண்டியதைவிட நன்றாகவே கூடுதலாக இருந்தது. ஏதாவது செய்யக்கூடிய எண் அதுதான். உங்கள் அறிக்கை அதைத் தேடவே இல்லை.

சிஆர்பி விவகாரம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. ரத்தத்தில் சிஆர்பி என்ற அந்தப் புரதம் கூடுதலாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருகிறது, உண்மை. ஆனால் அதை இயல்பிலேயே கூடுதலாகச் சுரக்க வைக்கும் மரபணு மாறுபாடுகளோடு பிறந்தவர்களைப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது. 2011-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு சுமார் 1,94,000 பேரின் தரவைப் பார்த்தது. அந்த மாறுபாடுகள் சிஆர்பியை ஏற்றின, இதய நோயை ஏற்றவில்லை. சிஆர்பியே தமனியைக் கெடுப்பதாக இருந்தால் இவர்களுக்கு நோய் கூடியிருக்க வேண்டும். அது அழற்சியைக் காட்டுகிற அடையாளம், நோய்க்குக் காரணம் அல்ல என்று விஷயம் தெளிந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் அந்த மரபணுவுக்கு எதிரே எப்படிச் சிவப்புக் கட்டம் போடுகிறீர்கள்?

செல்களுக்கு அழற்சிச் செய்தியைக் கொண்டுபோகும் ஐஎல்-6 புரதத்தின் விஷயத்தில் உண்மையான ஆதாரம் இருக்கிறது. அதையும் நீங்கள் சொல்வதில்லை. 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த இரண்டு ஆய்வுகள், அந்தச் செய்தியைச் செல்லில் வாங்கிக்கொள்ளும் ஐஎல்-6 ஏற்பியின் மரபணுவில் உள்ள ஒரு மாறுபாட்டை ஆராய்ந்தன. அதைச் சுமப்பவர்களின் ரத்தத்தில் ஐஎல்-6 அளவு கூடுதலாகவே இருக்கிறது. ஆனால் செல்கள் அந்தச் செய்தியைக் குறைவாகப் பெறுவதால் அழற்சி தணிந்து, அந்த மாறுபாட்டின் ஒவ்வொரு பிரதிக்கும் (ஒருவரிடம் இரண்டு வரை இருக்கலாம்) சுமார் 3 முதல் 5 சதவீதம் வரை இதய நோய் குறைகிறது. அளவு கூடினால் கெடுதல் என்று நினைப்பவர் இதைத் தலைகீழாகப் படித்துவிடுவார். இதை விளக்க அரைப் பக்கம் வேண்டும், ஒரு சிவப்புக் கட்டம் போதாது.

அந்தச் சதவீதத்தையும் பாருங்கள். பத்து ஆண்டுகளில் 100 பேரில் 10 பேருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொள்வோம். அதே 5 சதவீதம் குறையாமல் கூடுவதாகவே வைத்தாலும் அது பத்தரைதான் ஆகும். இதற்கா 'அதிக ஆபத்து'? புகைபிடிப்பதோ மாரடைப்பு ஆபத்தைக் கிட்டத்தட்ட மூன்று மடங்காக்குகிறது என்று 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-லேயே காட்டிவிட்டது. சின்ன ஆபத்தைப் பெரிதாக அச்சிட்டு, பெரிய ஆபத்துக்கு என் தம்பியைத் திரும்ப அனுப்பினீர்கள்.

இந்தத் துறைக்கு இது புதிதும் அல்ல. லிம்ஃபோடாக்சின்-ஆல்ஃபா என்ற அழற்சி மரபணுவுக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு உண்டு என்று 2002-இல் ஜப்பானிலிருந்து அறிவிப்பு வந்தது. 2006-இல் 6,928 மாரடைப்பு நோயாளிகளை வைத்துச் சோதித்தபோது அது நிற்கவில்லை. சிறிய ஆய்வில் தெரிந்தது பெரிய ஆய்வில் மறைவது அறிவியலில் சகஜம். அதைப் பரிசோதனையாக விற்றுக் காசாக்கிய பிறகு, மறைந்த செய்தியை வாங்கியவரிடம் சொல்லாமல் இருப்பது சகஜம் அல்ல.

அழற்சிக்கும் இதயத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஐஎல்-1 பீட்டா என்ற இன்னொரு அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் கனகினுமாப் மருந்தை மாரடைப்பு வந்த 10,061 பேரிடம் சோதித்த கேன்டோஸ் ஆய்வு, 150 மில்லிகிராம் அளவில் மாரடைப்பு, பக்கவாதம், இதய இறப்பு இவற்றை 15 சதவீதம் குறைத்ததாக 2017-இல் சொன்னது. உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின, மொத்த இறப்பு குறையவில்லை என்பதையும் அதே கையோடு சொன்னது. அந்த நேர்மையைத்தான் உங்களிடம் எதிர்பார்க்கிறேன். அந்த ஆய்வாளர்கள் ஆட்களைச் சேர்த்தது ரத்தத்தில் சிஆர்பி அளவைப் பார்த்து, உங்கள் அட்டவணையில் இருக்கும் மரபணுக்களைப் பார்த்து அல்ல. அழற்சியைக் குறைக்கும் அப்படிப்பட்ட மருந்துக்கே இப்படிப் பாதகமும் இருக்கும்போது, உங்கள் பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் மாத்திரைக்கு என்ன ஆதாரம்? பயத்தை உண்டாக்குவதும் அதற்கு மருந்து விற்பதும் ஒரே கையாக இருக்கக் கூடாது.

கோபத்தில் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கைக்கு வருகிறேன்.

ஆபத்தை நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கணக்கில், மாறுபாடு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் தாருங்கள். பெரிய ஆய்வுகளில் நிற்காத மரபணுக்களை அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள். எந்த மக்களிடம் எடுத்த தரவு என்பதைச் சொல்லுங்கள். மரபணு ஆபத்து அதிகமாக உள்ளவர்களிலும் புகைக்காமல், உடல் எடையைக் கட்டுக்குள் வைத்து, நடந்து, ஆரோக்கியமான உணவைச் சாப்பிடுபவர்களுக்கு இதய நோய் கிட்டத்தட்ட பாதியாகக் குறைவாக இருந்தது என்ற 2016-இன் ஆய்வு முடிவை, அந்தச் சிவப்புக் கட்டம் இருக்கும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். இதுவரை அனுப்பிய அறிக்கைகளுக்கும் ஒரு திருத்தம் அனுப்புங்கள்.

நான் எத்தனை முறை சொன்னாலும் அவன் காதில் ஏறாதது, உங்கள் முத்திரையோடு ஒரு பக்கம் வந்தால் ஏறும். தயவுசெய்து அந்த ஒரு பக்கத்தை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் அக்கா