வான்கோழியின் வாலை வெட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த காட்டு வான்கோழிப் படத்தில் பறவை கறுப்பு நிழலாகத்தான் தெரிந்தது, விரித்த வாலின் ஓரமும் போயிருந்தது. நான் அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் இங்கே அடியோடு அழிந்துபோன பறவை இது. 1972-73இல் நியூயார்க்கிலிருந்து 37 பறவைகளைக் கொண்டுவந்து விட்டார்கள், இப்போது எங்கள் தெருவிலேயே காரை மறித்துக்கொண்டு நிற்கின்றன!

பனியில் எடுக்கும்போது கேமரா வெள்ளையைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், அதனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒரு ஸ்டாப் (இரண்டு மடங்காக) கூட்ட வேண்டும். இருண்ட மரங்களுக்கு முன்னால் என்றால் நேர்மாறு, முக்கால் ஸ்டாப்பாவது குறைக்காவிட்டால் ஆண் வான்கோழியின் வெளிறிய தலை வெறும் வெள்ளையாகிவிடும். செம்பும் பச்சையுமாக இறகு மினுங்குவது காலை வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான், உச்சி வெயிலில் எடுத்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

அப்புறம் கிராப், அதாவது படத்தின் ஓரங்களை வெட்டுவது. எடுக்கும்போதே சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுத்தால் பிறகு நிதானமாக வெட்டலாம். வாலை முழுசாக விடுங்கள், அல்லது தலையும் கழுத்தும் மட்டும் போதும் என்று துணிந்து நெருக்கமாக வெட்டுங்கள். கணுக்காலில் வெட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இப்படிக்கு,
பாஸ்டன் அருகிலிருந்து ஒரு வாசகர்